8 மாதக் கர்ப்பத்தில் மெட்ராஸ் ஐ வந்தால் குழந்தையைப் பாதிக்குமா? பிறந்த குழந்தையின் கண்ணில் பூளை தள்ளினால் தாய்ப்பால் விடலாமா?

வயிற்றில் இருக்கும் குழந்தையை மெட்ராஸ் ஐ பாதிக்காது. பிறந்த குழந்தைக்குப் பூளை தள்ளினால் கண்ணில் எதையும் விடாமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். இரண்டும் எனக்கு நடந்தவை. பெயர் மறைத்து எழுதுகிறேன், காரணம் படித்தால் புரியும்.

எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். எட்டாம் மாதத்தில் வீட்டுக்காரரிடமிருந்து மெட்ராஸ் ஐ எனக்கும் தொற்றியது. காலையில் எழுந்தால் இமை பிரியாது. அவர் மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து பாதி பாட்டில் இருந்தது. போட்டுக்கொள்ளக் கையில் எடுத்தவள், ஏதோ தோன்றி டாக்டரிடம் காட்டினேன். ஸ்டீராய்டு கலந்த மருந்து அது. பரிசோதிக்காமல் யாருமே போடக்கூடாதாம். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸ், கண்ணின் மேற்பரப்போடு நின்றுவிடும், கருப்பைக்குப் போகாது, ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும் என்றார்.

ஏதாவது சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தால் எத்தனையாவது மாதம் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. அழுத்தினால் அது வெகுவாகக் குறையும். ஒரு விஷயம்: கண் சிவக்காமல் பார்வை மட்டும் மங்கினாலோ, தலைவலியோடு கண்முன் பொறி பறந்தாலோ அது மெட்ராஸ் ஐ இல்லை. உடனே ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.

இனி என் மகள் கதை. சுகப்பிரசவம். எட்டாம் நாள் வலது கண் இமை வீங்கி, மஞ்சளாகப் பூளை கட்டியது. பிரசவம் பார்த்த இடத்துக்குப் போன் செய்தால், "எல்லாக் குழந்தைக்கும் வரும், துடைச்சிவிடுங்க" என்றார்கள். நேரில் கொண்டுவரக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஆயா பாலாடையில் தாய்ப்பாலைப் பீய்ச்சித் தரச் சொன்னார். விட்டோம். மறுநாள் இடது கண்ணும் ஒட்டிக்கொண்டது. தாய்ப்பால் விட்டதால் கெடுதல் வந்தது என்று சொல்லமாட்டேன். அதை நம்பி ஒரு நாளை வீணாக்கினேன், அதுதான் என் தப்பு.

"முப்பது கழியாமல் பச்சை உடம்புக்காரி வாசப்படி தாண்டக்கூடாது" என்று வீட்டில் ஒரே பேச்சு. கேட்கவில்லை. கார் வைத்துக்கொண்டு தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் முதலில் கேட்டதே, "என்னைக்கு ஆரம்பிச்சதும்மா?"

அந்த நாள் கணக்குதான் முக்கியம். இரண்டிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இமை புடைத்துச் சீழ் கொட்டினால் கொனோரியா என்ற பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். அது கருவிழியை ஒரே நாளில்கூட ஓட்டை போட்டுவிடும், உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போடவேண்டும். 1880களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த உடனே கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட ஆரம்பித்தது இதைத் தடுக்கத்தான். ஐந்திலிருந்து பதினான்காம் நாளுக்குள் வந்தால் கிளமிடியா என்ற இன்னொரு பாக்டீரியா தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கீழ் இமையை மெல்ல மடித்து, பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேய்த்து எடுத்தார். மகள் வீறிட்டாள், கண்ணீர் மட்டும் வரவில்லை. பிறந்த சில வாரம் அழுதாலும் கண்ணீர் அவ்வளவாக வராதாம். கிளமிடியா செல்லுக்குள் இருக்கும் கிருமி என்பதால் பூளையை மட்டும் எடுத்தால் சிக்காது, அதனால்தான் அப்படித் தேய்த்தாராம். முடிவு வந்தது: கிளமிடியா.

பிரசவத்தின்போது என்னிடமிருந்து போனது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, கொஞ்சம் வெள்ளைப்படுதல் தவிர. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். இது உடலுறவில் தொற்றுவது என்று டாக்டர் சொன்னபோது நானும் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட இருக்கும், யாரிடமிருந்து எப்போது என்று தோண்டாதீர்கள், இரண்டு பேரும் மாத்திரை போடுங்கள் என்றார். போட்டோம். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

இதற்குக் கண் சொட்டு மட்டும் போதாது. கிருமி நுரையீரலுக்கும் போய் நிமோனியா வரலாம். மகளுக்கு எரித்ரோமைசின் 14 நாள், தினம் 4 வேளை வாய்வழியாகக் கொடுத்தோம். பால் பீய்ச்சியடித்த மாதிரி வாந்தி வந்தால் உடனே வரச் சொன்னார்கள். தாய்ப்பாலை நிறுத்தவில்லை. கண்ணைத் துடைப்பதற்குக் கொதித்து ஆறிய தண்ணீர், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான். விளக்கெண்ணெய், கண்மை இரண்டையும் வீட்டைவிட்டே எடுத்துவிட்டேன். கண்மையில் ஈயம் இருக்கலாம்.

எல்லாப் பூளையும் இப்படி இல்லை. என் தங்கை மகனுக்கு ஒரு கண் எப்போதும் ஈரமாக, ஓரத்தில் லேசாகப் பூளையோடு இருந்தது. வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்தது, இமை வீங்கவில்லை. கண்ணீர்க் குழாய் அடைப்பு. டாக்டர் காட்டியபடி மூக்கோரம் நீவிவிட்டாள், பத்தாம் மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் எது எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

சகோதரி, உங்களுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. கர்ப்பத்தில் எடுக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனைகளில் கிளமிடியாவும் கொனோரியாவும் தெரியாது. வெள்ளைப்படுதலில் வாடையோ நிறமோ எரிச்சலோ இருந்தால் அடுத்த செக்கப்பில் கூச்சப்படாமல் சொல்லி டெஸ்ட் எடுக்கக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு பூளை வந்தால், வந்த தேதியைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.