வீட்டுப் படம் கணினியில் வரையப் பழகுபவர்களுக்கு: கேள்வி பதில்

வீட்டுப் படம் வரைவதுதான் என் தொழில். கொழும்பில் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் இப்போதெல்லாம் தாங்களே கணினியில் வரைந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். தன் வீட்டைத் தானே ஒரு தடவை வரைந்து பார்த்தவர் மேசனிடம் பேசும் பேச்சே வேறு. ஆனால் தொடங்கிய வேகத்திலேயே பலர் களைத்துப் போய் விட்டுவிடுகிறார்கள். அப்படித் தடக்குப்பட்டவர்கள் என்னிடம் கேட்டவற்றைச் சுருக்கி, ஊரை மட்டும் போட்டு, பதிலோடு தருகிறேன்.

வெள்ளவத்தை: கணினியில் டைப் பண்ணவும் எக்ஸெல் பார்க்கவும் தெரியும். வீட்டுப் படத்துக்கு எதில் தொடங்குவது? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

ஸ்வீட் ஹோம் 3டி. காசு இல்லை, பழைய மடிக்கணினியிலும் ஓடும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இருக்கிறது. மேலே தரைப்படம் வரைய வரைய, கீழே வீடு தானாக எழும்பி நிற்கும். தொடங்குபவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

ஸ்கெச்சப் நல்லதுதான், ஆனால் அது எதையும் வரையும் மென்பொருள். சுவர் என்றால் என்ன, கதவு என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஓட்டோகேட் இதையே தொழிலாக எடுக்கப் போகிறவர்களுக்கு. தன் வீட்டின் குசினியை இரண்டு அடி தள்ளலாமா என்று பார்க்க அது தேவையில்லை.

கொட்டாஞ்சேனை: அறையை நாடா பிடித்து அளந்தேன், சரியாக 10 அடி. அதே அளவில் சுவர் வரைந்தேன். பிறகு அளவுக்கோடு போட்டுப் பார்த்தால் உள்ளே 9 அடி 2 அங்குலம் காட்டுகிறது. மென்பொருளில் பிழையா?

இல்லை அக்கா. எல்லாரும் தடக்குப்படும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் நாடா பிடித்தது சுவரின் உள்முகத்திலிருந்து எதிர்ச் சுவரின் உள்முகம் வரை. ஸ்வீட் ஹோமில் சுவர் வரையும்போது அது கணக்கெடுப்பது சுவரின் நடுக்கோட்டை. உங்கள் வீட்டுச் சுவர் 9 அங்குலச் செங்கல் சுவர். இரண்டு பக்கப் பூச்சும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 10 அங்குலம். ஆகவே இடப்பக்கச் சுவரில் பாதி 5 அங்குலம், வலப்பக்கச் சுவரில் பாதி 5 அங்குலம், மொத்தம் 10 அங்குலம் அறைக்குள் வந்துவிட்டது. நீங்கள் கொடுக்க வேண்டிய நீளம் 10 அடி 10 அங்குலம்.

இந்தக் கூட்டல் தலைவலியாக இருந்தால் வேறொரு வழி இருக்கிறது. முதலில் அளவுக்கோடுகளை மட்டும் போட்டு, அறையின் உள் அளவைப் பெட்டியாக வரைந்துவிடுங்கள். பிறகு சுவரின் உள்முகம் அந்தக் கோட்டில் உட்காரும்படி சுவரை நகர்த்துங்கள். நான் புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன்.

அதற்கும் முன்னால் ஒன்று: 'பிரிஃபரன்ஸஸ்' என்ற அமைப்புப் பகுதிக்குள் போய், புதிய சுவரின் தடிப்பை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். அது தானாகத் தரும் சுவர் மெல்லியது. நம் வெளிச் சுவருக்கு அது சரிவராது. உள்ளே 4 அங்குல பிளொக் சுவர் இருந்தால் அதற்கும் பூச்சைச் சேர்த்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். கதவுக் காலில் நாடாவைக் குறுக்கே வைத்தால் சுவரின் தடிப்பு தெரிந்துவிடும், ஊகிக்கத் தேவையில்லை.

இன்னொன்று. கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளில் அறைகள் மூலைமட்டமாக இருப்பது அபூர்வம். நான்கு பக்கத்தோடு நிறுத்தாமல் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் இரண்டு குறுக்கும் 15 அடி 7½ அங்குலம் அளவில் வர வேண்டும். ஒன்று 15 அடி 4, மற்றது 15 அடி 11 என்று வந்தால் அறை கோணல். அப்படியே கோணலாக வரையுங்கள். படத்தில் நேராக்கிவிட்டால், அலுமாரி செய்து கொண்டுவரும் நாளில் அது மூலையில் நுழையாது.

தெஹிவளை: 10 அடி 6 அங்குலத்துக்கு 10.6 என்று கொடுத்தேன். ஏதோ சின்ன வித்தியாசம் வருகிறது.

புள்ளி போட்டால் அது தசமம் தம்பி. 10.6 அடி என்பது 10 அடி 7 அங்குலத்துக்கும் கொஞ்சம் கூட. பத்து அறை வரைவதற்குள் அந்தச் சின்ன வித்தியாசம் ஒரு அடியாகிவிடும். அடிக்கு ஒற்றை மேற்கோள் குறி, அங்குலத்துக்கு இரட்டை மேற்கோள் குறி போட்டு எழுதிப் பழகுங்கள். ஸ்கெச்சப்பில் அங்குல அளவில் வேலை செய்யும்போது வெறும் 10 என்று கொடுத்தால் அதை 10 அங்குலம் என்றே எடுத்துக்கொள்ளும். குறியைப் போட்டால் எங்கும் குழப்பம் வராது.

வத்தளை: எங்களிடம் சர்வே பிளான் இருக்கிறது. காணி 6 பேர்ச். அதை அப்படியே உள்ளே எடுத்து மேலே வரைய முடியுமா? படம் எடுத்துப் போட்டேன், காணி கோணலாக வருகிறது.

முடியும், அதுதான் சரியான வழியும். ஆனால் தொலைபேசியால் படம் எடுக்க வேண்டாம். கொஞ்சம் சரித்துப் பிடித்தாலும் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறுகும். பக்கத்து கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து ஸ்கேன் பண்ணுவியுங்கள்.

பிறகு ஸ்வீட் ஹோமின் 'பிளான்' மெனுவில் 'இம்போர்ட் பேக்ரவுண்ட் இமேஜ்'. படம் வந்தவுடன் ஒரு கோட்டை இழுத்து அதன் உண்மையான நீளத்தைக் கேட்கும். இங்கே சிலர் சின்னப் பக்கம் ஒன்றைப் பிடித்துக் கொடுப்பார்கள். செய்யாதீர்கள். சின்னக் கோட்டில் மயிரிழை தவறினாலும் முழுக் காணியும் தப்பாகும். பிளானில் அளவு எழுதியிருக்கும் பக்கங்களில் ஆக நீளமானதைப் பிடியுங்கள். அந்த அளவு மீட்டரில் இருந்தால் மீட்டரிலேயே கொடுத்துவிட்டு, பிறகு அலகை அடிக்கு மாற்றுங்கள்.

கடைசியில் ஒரு சோதனை. ஒரு பேர்ச் என்றால் 272.25 சதுர அடி. உங்கள் 6 பேர்ச் 1,633.5 சதுர அடி. காணியின் எல்லையை 'கிரியேட் ரூம்ஸ்' கொண்டு சுற்றி வரைந்தால் பரப்பளவைக் காட்டும். 1,630க்குப் பக்கத்தில் வந்தால் நிம்மதியாக வீட்டைத் தொடங்கலாம். 1,500 என்றோ 1,800 என்றோ வந்தால் படத்தின் மேல் இழுத்த அந்தக் கோட்டையும் அதன் நீளத்தையும் திரும்பக் கொடுங்கள். இதைச் செய்யாமல் அறை வரையப் போகாதீர்கள்.

வத்தளை, அதே வீடு: அறைக்குள் இரட்டைச் சொடுக்கினால் தரை விழும் என்றார்கள். விழவில்லை.

எங்கோ ஒரு மூலையில் சுவர் ஒட்டவில்லை. நன்றாகப் பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். சுவரின் முனையைப் பிடித்து அடுத்த சுவரின் முனையில் விட்டால் ஒட்டிக்கொள்ளும்.

மட்டக்குளி: மேல்மாடி போடப் போகிறோம். படத்தில் மாடிப்படி அழகாக உட்கார்ந்துவிட்டது. மேசன் பாஸ் வந்து பார்த்துவிட்டு "இந்த இடத்தில் படி வராது" என்கிறார். யார் சொல்வது சரி?

பாஸ் சொல்வதுதான் சரி.

பட்டியலில் இருக்கும் மாடிப்படியை இழுத்துப் போட்டால், நீங்கள் எந்த அளவுக்குச் சுருக்கினாலும் அது சுருங்கும். மனிதக் கால் சுருங்காது. அதனால் படியை வைப்பதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட வேண்டும். உங்கள் கீழ் வீட்டின் உள் உயரம் 10 அடி என்கிறீர்கள். அதோடு 5 அங்குல ஸ்லாபையும் சேர்க்க வேண்டும், பலர் விடுவது இதைத்தான். மொத்தம் 125 அங்குலம் ஏற வேண்டும். ஒரு படி 7 அங்குலத்தைத் தாண்டினால் வயதானவர்களுக்குக் கஷ்டம். 125ஐ 18ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 7 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக 18 எட்டு, அதாவது காலைத் தூக்கி வைக்கும் 18 ஏற்றம். கடைசி எட்டு மேல்தளத்திலேயே முடிவதால், மிதிக்கும் பலகை 17. ஒவ்வொன்றும் 10 அங்குலம் என்றால் 170 அங்குலம், அதாவது 14 அடி 2 அங்குலம். நேராக ஏறும் படிக்கு இவ்வளவு நீளம் வேண்டும்.

நீங்கள் படத்தில் கொடுத்திருப்பது 9 அடி. திருப்பிப் போட்டால் என்ன? 9 எட்டு ஏறி, ஒரு திருப்பத் தட்டு, மறுபடி 9 எட்டு. ஒரு பக்கத்துக்கு 8 பலகை, 80 அங்குலம், அதோடு 3 அடித் தட்டு. மொத்தம் 9 அடி 8 அங்குலம். நீளம் ஓரளவுக்கு வந்துவிட்டது, ஆனால் அகலம் 6 அடிக்கு மேல் போகும். பக்கத்தில் இருக்கும் ஸ்டோர் அறையை எடுத்தால் இடம் கிடைக்கும். பாஸையும் உட்காரவைத்து, இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். அவருடைய அனுபவமும் உங்கள் படமும் சேரும்போதுதான் நல்ல படி வரும்.

பம்பலப்பிட்டி, மாணவி: ஸ்கெச்சப் பழகுகிறேன். ஒரு சுவரை நகர்த்தினால் வீடே இழுபடுகிறது. ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து வரைகிறேன்.

ஸ்கெச்சப்பில் ஒன்றையொன்று தொடும் கோடுகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதன் இயல்பே அது. ஒரு பொருளை வரைந்து முடித்த கையோடு, அதன் மேல் மூன்று முறை சொடுக்கினால் முழுவதும் தெரிவாகும். வலப்பொத்தானை அழுத்தி 'மேக் குரூப்' கொடுங்கள். அதற்குப் பிறகு அது எதனோடும் ஒட்டாது. ஒரே மாதிரியான ஜன்னல்கள் ஆறு இருந்தால் குரூப்புக்குப் பதில் 'கொம்பொனன்ட்' ஆக்குங்கள். ஒன்றைத் திருத்தினால் ஆறும் திருந்தும்.

அடுத்தது, கோடு நேராகப் போகிறது என்று கண்ணை நம்பாதீர்கள். திரையில் நேராகத் தெரிவது சுற்றிப் பார்த்தால் ஆகாயத்தில் நிற்கும். வரையும்போது மேல் அம்பு விசையை அழுத்தினால் கோடு செங்குத்தாகவே போகும். வலது அம்பு சிவப்பு அச்சுக்கு, இடது அம்பு பச்சைக்கு. இந்த மூன்று விசையும் கையில் படிந்துவிட்டால் பாதி அழுகை நின்றுவிடும் தங்கச்சி. அப்புறம், ஓட்டோகேட்டைச் செய்யும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் தகுதியுள்ள மாணவர்களுக்குத் தன் மென்பொருள்களை இலவசமாகத் தருகிறது. படிக்கும் காலத்திலேயே அதையும் வாங்கிப் பழகிவிடுங்கள்.

தெமட்டகொட: தளபாடம் எல்லாம் போட்டபிறகு கணினி நகர மறுக்கிறது.

செடி, பூச்சாடி, திரைச்சீலை, இவற்றை எடுத்துவிடுங்கள். அவைதான் பாரம். ஸ்வீட் ஹோமில் 'கிரியேட் ஃபோட்டோ' கொடுக்கும்போது தரத்தைக் குறைந்த நிலையில் வைத்து, கோணம் பிடித்துப்போன பிறகு மட்டும் கூட்டுங்கள். மின்சாரம் போகும் பயமும் இருந்தால் பிரிஃபரன்ஸஸில் தானாகச் சேமிக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

வெள்ளவத்தை: ஒழுங்கைக்குள் ஒடுக்கமான வீடு. இரண்டு பக்கமும் அயலவர் சுவர். படத்தில் நடு ஹோல் பளிச்சென்று இருக்கிறது. நிஜத்தில் பகலிலும் லைட் போட்டுத்தான் இருக்கிறோம். திருத்திக் கட்டும்போது வெளிச்சம் வருமா என்று எப்படிப் பார்ப்பது?

இது நல்ல கேள்வி. வீடு வரையும் மென்பொருளின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

தரைப்படத்தில் ஒரு திசைகாட்டி இருக்கும். அதை இரட்டைச் சொடுக்கி இடத்தைக் கொழும்பு என்று கொடுங்கள். சர்வே பிளானில் உள்ள வடக்கு அம்பைப் பார்த்துத் திசையைத் திருப்புங்கள். அடுத்து, இரண்டு பக்கத்து அயலவர் சுவரையும் அவற்றின் முழு உயரத்துக்கு வரையுங்கள். இதை யாரும் செய்வதில்லை. வெறும் வெளியில் தனியாக நிற்கும் வீடு வெளிச்சமாக இருக்காமல் என்ன செய்யும்? பிறகு ஃபோட்டோ எடுக்கும்போது திகதியும் நேரமும் மாற்றிப் பாருங்கள். ஜூனில் நடுப்பகல் வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து வரும், டிசம்பரில் தெற்கிலிருந்து. ஏப்ரல் முற்பகுதியில் நேர் உச்சியில் நிற்கும். மாலை மூன்றரை மணிக்கு மேற்கு ஜன்னலையும் பார்க்க மறக்காதீர்கள். கடல் பக்க வெயில் கடுமையானது.

ஜன்னலுக்கு வழியில்லை என்றால் மேலே திறக்க வேண்டும். கொள்ளுப்பிட்டிப் பக்கம் 33ஆவது ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு இருக்கிறது. வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒன்றாக்கியது. சுற்றிலும் அடைபட்ட காணியில், சின்னச் சின்ன முற்றங்களாலேயே உள்ளே வெளிச்சத்தைக் கொண்டுவந்திருக்கிறார். பார்வையாளர்களையும் அனுமதிக்கிறார்கள், ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் நடு ஹோலின் பின்மூலையில் 4 அடிக்கு 5 அடி முற்றம் ஒன்றை வெட்டி, அதே ஃபோட்டோவைத் திரும்ப எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவ்வளவு இடத்தை விடுவதா என்று வீட்டில் சண்டை வரும். ஃபோட்டோவைக் காட்டிப் பேசினால் சண்டை குறையும்.

கொட்டாஞ்சேனை: சாமித்தட்டு, அரைக்கும் மேடை எதுவும் பட்டியலில் இல்லை.

பட்டியலில் வெறும் பெட்டி ஒன்று இருக்கும். நீள அகல உயரத்தை மாற்றி, பெயரை எழுதிவிடுங்கள். அளவு சரியாக இருந்தால் போதும், பார்க்க அழகாக இருக்கத் தேவையில்லை. பட்டியலில் வரும் கட்டில், சோபாவின் அளவுகளையும் அப்படியே நம்பாமல் உங்கள் வீட்டுப் பொருளை அளந்து மாற்றுங்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கும் ஒரு இடம் குறியுங்கள். வரைந்து முடித்த எத்தனையோ குசினிகளில் அதற்கு மட்டும் இடம் இருக்காது.

வத்தளை, ஓய்வுபெற்ற ஆசிரியை: எனக்கு இது வராது போலிருக்கிறது. முழு வீட்டையும் வரைய முயன்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.

ரீச்சர், முழு வீட்டை விடுங்கள். நீங்கள் இப்போது இருக்கும் அறையை மட்டும் வரையுங்கள். நாலு சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு கட்டில். அளவுக்கோடு போட்டு, நாடாவையும் பிடித்து, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். அடுத்த நாள் பக்கத்து அறை. புதுவீட்டுக் கற்பனை எல்லாம் அதற்குப் பிறகு. கண் முன்னால் இருக்கும் அறையை வரையும்போது பிழை விட்டால் உடனே தெரியும். கற்பனை வீட்டில் பிழை விட்டால் கட்டி முடித்த பிறகுதான் தெரியும்.

தெஹிவளை: வரைந்து முடித்துவிட்டேன். இதையே பிரின்ட் எடுத்து அனுமதிக்குக் கொடுக்கலாமா?

கொடுக்க முடியாது. உள்ளூராட்சி சபைக்குப் போகும் படம் தகுதி பெற்றவர் வரைந்து கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். தெரு எல்லை, பின்பக்கம் விட வேண்டிய வெளி, காற்றோட்டம் என்று நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன. அத்திவாரம், பீம், கொலம் பொறியியலாளர் பார்க்க வேண்டியவை. மென்பொருளில் ஒரு சுவரை அழித்தால் மேல்மாடி அந்தரத்தில் நிற்கும், நிஜத்தில் நிற்காது.

ஆனாலும் உங்கள் படம் வீண்போகாது. அளவுத்திட்டத்தோடு பிரின்ட் எடுத்து, சர்வே பிளான் பிரதியையும் வைத்து, படம் வரைபவரிடம் கொண்டுபோங்கள். எந்தச் சுவர் இப்போது இருப்பது, எது புதிதாக வருவது என்று இரண்டு நிறத்தில் காட்டுங்கள். மூலைக்கு மூலை எடுத்த குறுக்களவுகளையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள். அவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.