இடைவெளியைக் குறைத்தால் முறிவு மின்னழுத்தம் கூடுவது ஏன்?

உங்கள் மின்னிறக்கக் குழாயில் (வாயுவழியே மின்சாரம் பாயும் குழாய்) பழுது இல்லை. 0.1 டார் (அழுத்த அலகு) அழுத்தத்தில் காற்று. மின்வாய்களின் இடைவெளியை 2 செ.மீ.யிலிருந்து 1 செ.மீ. ஆக்கியதும் மின்னிறக்கம் தொடங்க அதிக வோல்ட் கேட்கிறது என்கிறீர்கள். கேட்கத்தான் செய்யும்.

முறிவு மின்னழுத்தத்தை, அதாவது மின்னிறக்கம் தொடங்கத் தேவையான குறைந்தபட்ச வோல்ட்டைத் தீர்மானிப்பது இடைவெளி மட்டுமல்ல, அழுத்தத்தோடு அதன் பெருக்கற்பலன். இது 1889-இல் இயற்பியலாளர் பாஷன் கண்ட விதி. காற்றுக்கு அந்தப் பெருக்கற்பலன் ஏறத்தாழ 0.57 டார் செ.மீ. ஆகும்போது மின்னழுத்தம் மிகக் குறைவு, சுமார் 330 வோல்ட். நீங்களோ 0.2-இலிருந்து 0.1-க்கு இறங்கியிருக்கிறீர்கள், அதாவது பெருக்கற்பலனுக்கு எதிராக மின்னழுத்தத்தை வரைந்த வளைகோட்டில், அந்தக் குறைந்தபட்சப் புள்ளிக்கு இடப்பக்கச் செங்குத்தில் ஏறுகிறீர்கள். அங்கே மூலக்கூறுகள் அரிது. பெரும்பாலான எலக்ட்ரான்கள் போதிய மோதலின்றியே நேர்மின்வாயை அடைந்துவிடும். மோதல் குறைந்தால் அயனிப் பெருக்கம் (மோதலில் மூலக்கூறுகள் அயனிகளாகிப் புதிய எலக்ட்ரான்கள் பெருகுவது) எங்கிருந்து வரும்?

சோதித்துப் பாருங்கள்:

1. இடைவெளியை 1 செ.மீ.யிலேயே வைத்து, காற்றைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டு அழுத்தத்தை உயர்த்துங்கள். தேவைப்படும் வோல்ட் இறங்கினால் காரணம் இதுதான்.

2. ஒளிர்வு மின்வாயின் முதுகுப்புறத்திலிருந்து கிளம்புகிறதா? இந்த நிலையில் மின்னிறக்கம் நீண்ட பாதையையே விரும்பும், குறுக்கு வழியை அல்ல. அப்படியானால் உங்கள் 1 செ.மீ. கணக்கே செல்லாது, பின்புறத்தைக் காப்பிட்டு மீண்டும் அளவிடுங்கள்.

மேற்கண்ட எண்கள் காற்றுக்கானவை. வாயுவோ மின்வாய் உலோகமோ மாறினால் அவையும் மாறும். ஆர்கான் என்றால் பிரானி அளவி (வாயுவின் வெப்பக் கடத்தலைக் கொண்டு அழுத்தத்தை அளக்கும் கருவி) காட்டும் அழுத்தத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அழுத்தத்தை உயர்த்துமுன் மின்தடை ஒன்றைத் தொடராக இணையுங்கள். முறிவு திடீரென நிகழும், மின்னோட்டம் பாயும்.