முன்சக்கர காரைப் பின்சக்கர காராக மாற்றலாமா? கேள்விகளும் பதில்களும்

முன்சக்கரங்கள் இழுக்கும் காரைப் பின்சக்கரங்கள் தள்ளும் காராக மாற்றுவது குறித்துப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த வேலையை இரண்டு கார்களில் முடித்தும் ஒன்றில் பாதியில் கைவிட்டும் பழகியவன் என்பதால், கைவிட்ட காரிலிருந்து கற்றதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: முன் ஆக்ஸில்களை (சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டுகள்) கழற்றிவிட்டு, பின்னால் ஒரு டிஃபரன்ஷியலை (இடம் வலம் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) பொருத்தினால் போதாதா?

போதாது. பெரும்பாலான முன்சக்கர கார்களில் என்ஜின் குறுக்குவாட்டில் கிடக்கிறது. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. விசை இடமும் வலமுமாக மட்டுமே வெளியே வருகிறது. பின்னோக்கி ஒரு ஷாஃப்டை இணைக்க அதில் முனையே கிடையாது. ஆகவே என்ஜினை நெடுக்குவாட்டில் திருப்ப வேண்டும், அல்லது என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த முழுத் தொகுதியையும் பின்னால் கொண்டுபோக வேண்டும், அல்லது அதே காரின் நான்கு சக்கர இயக்க வகை விற்பனையில் இருந்திருந்தால் அதன் பின்பாதியைக் கடன் வாங்க வேண்டும்.

கேள்வி: மாற்றிய பிறகு புறப்படும் வேகம் கூடும்தானே?

இந்த எண்ணத்தில்தான் பலர் வெல்டிங் இயந்திரத்தைக் கையில் எடுக்கிறார்கள். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 1,000 கிலோ எடையுள்ள ஒரு காரில் 62 சதவீத எடை முன்சக்கரங்களின் மேல் இருப்பதாகவும், முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 2.5 மீட்டர், எடைமையத்தின் உயரம் 0.5 மீட்டர், டயரின் பிடிமான எண் 0.8 என்றும் வைத்துக்கொள்வோம். கார் முன்னோக்கிப் பாயும்போது எடையில் ஒரு பகுதி பின்னால் சாய்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், முன்சக்கர இயக்கத்தில் டயர் வழுக்காமல் கிடைக்கும் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 0.43 பங்கு. என்ஜினை முன்னாலேயே வைத்துக்கொண்டு, எடைப் பங்கீட்டையும் மாற்றாமல், பின்சக்கரங்களுக்கு விசையைக் கொடுத்தால் அது 0.36 பங்காகக் குறைகிறது. அதாவது அத்தனை உழைப்புக்கும் பிறகு கார் முன்பைவிட எளிதாக வழுக்கும்! அதே என்ஜினை இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோய், பின்சக்கரங்களின் மேல் 58 சதவீத எடையை வைத்தால் 0.55 பங்கு கிடைக்கிறது. எந்தச் சக்கரம் சுழல்கிறது என்பதைவிட அதன் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதே முக்கியம். கீழே நான் சொல்லும் எல்லாத் தெரிவுகளையும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோடுங்கள்.

கேள்வி: என்ஜினை 90 பாகை திருப்பி வைப்பதில் என்னென்ன தடைகள் வரும்?

முதல் தடை இடம். குறுக்காகக் கிடந்த என்ஜின் நெடுக்காகத் திரும்பியதும் அதன் பின்முனையும் கியர்பாக்ஸும் ஓட்டுநரின் கால் இருக்கும் பகுதிக்குள் நுழையப் பார்க்கும். ஆகவே என்ஜினுக்கும் பயணிகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டையும் தரையின் நடுப்பகுதியையும் வெட்ட வேண்டியிருக்கும். அடுத்தது ஸ்டீயரிங் ராக், அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்கம்பி. முன்சக்கர கார்களில் அது பெரும்பாலும் என்ஜினுக்குப் பின்னால் தாழ்வாக ஓடுகிறது. திருப்பிய என்ஜினின் ஆயில் சம்ப்போ (அடியிலுள்ள ஆயில் தொட்டி) பெல் ஹவுசிங்கோ (என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவ உறை) சரியாக அதே இடத்தைக் கேட்கும். சம்ப்பை வெட்டி வேறு வடிவில் ஒட்டினால், பிரேக் பிடிக்கும்போது ஆயில் முன்னால் ஓடி உறிஞ்சுகுழாய் காற்றை உறிஞ்சாதபடி உள்ளே தடுப்புத் தகடுகள் வைக்க வேண்டும்.

இதற்கு நான் சொல்லும் ஒரே குறுக்குவழி, உங்கள் என்ஜினின் உறவுக்காரனைத் தேடுவது. அதே குடும்பத்து என்ஜின் ஏதாவது ஒரு பின்சக்கர காரிலோ வேனிலோ வந்திருந்தால், அதன் பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், சம்ப், மவுண்ட்டிங் ஆகியவை அப்படியே உதவும். அப்படி ஒன்று இல்லையென்றால் இணைப்புத் தகடு ஒன்றைக் கடைந்தெடுக்க வேண்டும். அதில் கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸின் உள்ஷாஃப்டின் மையமும் மயிரிழை விலகினாலும் கிளட்சும் முன்பேரிங்கும் விரைவில் போய்விடும்.

பின்பக்கமும் இதே அளவு வேலை இருக்கிறது. பின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்ரோல் டேங்க் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் விசை கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் பாதையை மறித்துக்கொண்டிருக்கும். பின்சக்கரங்களை இணைக்கும் முறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டு டிஃபரன்ஷியலைத் தாங்கும் தனிச் சட்டத்தைப் பொருத்த வேண்டும். தரையை வெட்டுவதற்கு முன், கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள். ஒவ்வொரு கதவைச் சுற்றியும் உள்ள இடைவெளியை நான்கு இடங்களில் அளந்து, ஒட்டுத்தாளில் எழுதி, அந்தந்த இடத்திலேயே ஒட்டிவைப்பது என் வழக்கம். நான் கைவிட்ட காரில் இதைச் செய்யவில்லை. தரையை வெட்டி முடித்த மறுநாள் ஓட்டுநர் பக்கக் கதவைச் சாத்தியபோது பூட்டு நாக்கு அதன் கொக்கிக்கு ஒரு விரல் அளவு மேலே இடித்தது. உடல் நடுவில் தொய்ந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

கேள்வி: ஷாஃப்ட் போட்டபின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கார் அதிர்கிறது. பேலன்ஸ் செய்தும் குறையவில்லை. ஏன்?

கோணத்தைப் பாருங்கள். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் வேலை செய்யும்போது, சீரான வேகத்தில் உள்ளே போகும் சுழற்சி வெளியே வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளர்கிறது. இரண்டாவது ஜாயின்ட் அதே கோணத்தில் இருந்தால்தான் இந்த ஏற்றத்தாழ்வு அடங்கும். ஆகவே கியர்பாக்ஸின் வெளிமுனையும் பின் டிஃபரன்ஷியலின் பினியனும் (ஷாஃப்டோடு இணையும் சிறு பல்சக்கரம்) ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்; ஷாஃப்டின் இருமுனை யோக்குகளும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜாயின்ட்டின் கோணத்தையும் 3 பாகைக்குள் வையுங்கள். கோணமே இல்லாமல் வைப்பதும் தவறு. உள்ளேயுள்ள ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் குழி பறித்துவிடும்.

கேள்வி: என் காருக்கு நான்கு சக்கர இயக்க வகையும் உண்டு. அதன் பாகங்களைப் போட்டு, முன் ஷாஃப்டுகளை மட்டும் எடுத்துவிடலாமா?

வெட்டு வேலை மிகக் குறைந்த வழி இதுதான். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்க நடுவில் டிஃபரன்ஷியல் உள்ள வகையென்றால், அதைப் பூட்டாமல் முன் ஷாஃப்டுகளை எடுத்தால் விசை முழுவதும் எதிர்ப்பில்லாத முன்பக்கம் ஓடிவிடும், கார் நகராது. தேவைப்படும்போது மட்டும் பின்சக்கரங்களை இணைக்கும் கிளட்ச் வகையென்றால், அந்த கிளட்ச் துணைக்கு வந்தது, முழுச் சுமையை நெடுநேரம் தாங்க வந்ததல்ல, விரைவில் சூடேறிவிடும். பின் டிஃபரன்ஷியலுக்கும் இது பொருந்தும். 150 நியூட்டன் மீட்டர் தரும் என்ஜின்கூட, 3.5 விகித முதல் கியரையும் 4 விகித இறுதி கியரையும் கடந்த பிறகு ஆக்ஸில்களில் 2,100 நியூட்டன் மீட்டராகிறது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பல கார்களில் முன்சக்கர ஹப் (சக்கரம் பொருந்தும் குடம்) பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பது முன் ஷாஃப்டின் சக்கரப் பக்க மூட்டான சி.வி. ஜாயின்ட்டின் முனையும் அதன் பெரிய நட்டும்தான். ஷாஃப்டை முழுவதுமாக உருவிவிட்டால் பேரிங் அவிழத் தொடங்கும். என் முதல் காரில் இந்தத் தவற்றைச் செய்தேன். ஜாக்கியில் தூக்கி டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது சக்கரம் ஆடிற்று. வெளி ஜாயின்ட்டைப் பிரித்து, அதன் முனையை மட்டும் ஹப்பில் விட்டு, நட்டை உரிய அளவுக்கு இறுக்குவதே முறை. கியர்பாக்ஸில் ஷாஃப்ட் இருந்த துளைகளையும் அடைக்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் வழிந்துவிடும்.

கேள்வி: முழுத் தொகுதியையும் பின்னால் வைத்த கார்கள் உண்டா?

நிறுவனங்களே செய்திருக்கின்றன. 1972இல் வந்த ஃபியட் எக்ஸ் 1/9, முன்சக்கர காரான ஃபியட் 128இன் என்ஜின் தொகுதியை இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. 1984இல் வந்த டொயோட்டா எம்ஆர்2, 1984 மாடலாக வந்த பான்டியாக் ஃபியெரோ ஆகியவையும் இதே வழியில் உருவானவை. முன்சக்கரங்கள் இழுத்த ரெனோ 5, 1980இல் ரெனோ 5 டர்போவாக மாறியபோது என்ஜின் பின் இருக்கையின் இடத்துக்குப் போனது. ஃபியெரோவின் தொடக்க ஆண்டுகளில் பின் சஸ்பென்ஷனே இன்னொரு காரின் முன் சஸ்பென்ஷன்தான். ஸ்டீயரிங்குக்கு இணைந்திருந்த கம்பிகளைச் சட்டத்தோடு பிணைத்துவிட்டார்கள். நீங்கள் செய்தாலும் அந்தக் கம்பிகளின் நீளமும் பிணைக்கும் உயரமும் கீழ்க்கையோடு (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கை) ஒத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் ஒவ்வொரு மேட்டிலும் பின்சக்கரங்கள் தாமாகவே திரும்பும். எனக்குப் பிடித்த வழி இதுதான், ஏனெனில் எடையும் விசையும் ஒரே இடத்துக்குப் போகின்றன.

கேள்வி: என் காரில் என்ஜின் ஏற்கெனவே நெடுக்காகத்தான் இருக்கிறது. தொகுதியை அப்படியே திருப்பிப் பின்னால் வைக்கலாமா?

ஐந்து கியர் உள்ள தொகுதியென்றால், திருப்பி வைக்கும்போது சுழலும் திசை தலைகீழாவதால் ஐந்து ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் கிடைக்கும். டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலைப் பினியனின் மறுபக்கத்துக்கு மாற்ற இடமுள்ள கியர்பாக்ஸ்களில் மட்டும் இதைச் சரிசெய்யலாம். குறுக்குவாட்டுத் தொகுதியைத் திருப்பாமல் பின்னால் நகர்த்தினால் இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: காரை வேண்டுமென்றே பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் போட்டிகளில் முன்சக்கர கார்களை மாற்றி ஓட்டுகிறார்களே?

ஓட்டுகிறார்கள், ஓட்டுநர் ஃப்ரெட்ரிக் ஆஸ்போ 2015இல் ஃபார்முலா டிரிஃப்ட் போட்டித் தொடரின் பட்டம் வென்ற சையான் டிசி, விற்பனைக்கு வந்தபோது முன்சக்கர கார்தான். ஆனால் அங்கே பின்சக்கரம் வழுக்குவதுதான் விளையாட்டே; நான் மேலே போட்ட கணக்கு அவர்களுக்குக் குறையல்ல.

கேள்வி: பிரேக்கில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பின்பக்கம் வேறு காரின் ஹப்பும் டிஸ்க்கும் வந்திருந்தால் முன் பின் பங்கீடு கட்டாயம் மாறியிருக்கும். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முந்திப் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும் என்பதால், அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைப் பின்பக்கக் குழாயில் வைத்து, ஆளில்லாத திறந்த வெளியில், ஈரத் தரையிலும் உலர்ந்த தரையிலும் சோதித்துச் சரிசெய்யுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். இருந்தால் புதிய ஹப்பின் பல் வளையத்தில் பழையதற்கு இணையான எண்ணிக்கையில் பற்கள் உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள்.