பழங்கால எலும்புக்கூடுகளை ஆராய விடாமல் மத நம்பிக்கையைச் சொல்லித் தடுப்பது சரியா?

எல்லா இடத்திலும் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய எலும்புகளை ஆராய்வதா, புதைப்பதா என்று எழுந்த சர்ச்சைகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிறது. பல இடங்களில் ஆராய்ச்சிக்குத் தடையாக நின்றது நம்பிக்கை மட்டும் அல்ல, சந்ததியினரைக் கேட்காமலே எலும்பை எடுத்ததும்தான்.

1996 ஜூலை மாதம் அமெரிக்காவில் இரண்டு பழைய எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒன்று அலாஸ்காவில், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவின் ஒரு குகையில். இன்னொன்று வாஷிங்டன் மாநிலத்தில், கென்னவிக் ஊருக்கு அருகே கொலம்பியா ஆற்றங்கரையில்.

அலாஸ்காவில் நிலத்துக்குப் பொறுப்பான வனத்துறையினர் உடனே டிலிங்கிட் பழங்குடிகளிடம் பேசினார்கள். பெரியவர்கள் கூடி விவாதித்தார்கள். மூதாதையரின் எலும்பைத் தொடவே கூடாது என்றவர்களும் இருந்தார்கள். கடைசியில் சில நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அந்த மனிதர் சுமார் 10,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இளைஞர், கடல் உணவையே பெரும்பாலும் சாப்பிட்டவர் என்று தெரிந்தது. டிஎன்ஏவும் எடுத்தார்கள். 2008இல் டிலிங்கிட் மக்கள் அவரை முறைப்படி அடக்கம் செய்தார்கள். நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தேவையே வரவில்லை.

கென்னவிக் கதை வேறு. சுமார் 8,500 ஆண்டு பழைய அந்த மனிதரின் இடுப்பெலும்பில் ஒரு கல் முனை பதிந்திருந்தது. மண்டையோட்டின் அமைப்பு இன்றைய பழங்குடிகளைப் போல இல்லை என்றார்கள் சில அறிஞர்கள். உமட்டில்லா உள்ளிட்ட பழங்குடிகள், முன்னோரின் எலும்புகளைப் பழங்குடிகளிடமே திருப்பித் தரச் சொல்லும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடலைத் தங்களிடம் தரச் சொன்னார்கள். இறந்தவர் மண்ணுக்குள் கலையாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆதியிலிருந்தே நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், அதைச் சொல்ல எங்களுக்கு ஆய்வு தேவையில்லை என்பதும் அவர்கள் வாதம். அரசு தர முடிவு செய்ததும் எட்டு விஞ்ஞானிகள் வழக்குப் போட்டார்கள். 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விஞ்ஞானிகள் பக்கம் தீர்ப்பளித்தது.

பழங்குடிகளின் பிடிவாதத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள் ஒரு வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் பழங்குடிகளின் மண்டையோடுகளைச் சேகரித்து வாஷிங்டன் நகரிலிருந்த அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அண்மையில் புதைத்த உடல்களைக்கூட விடவில்லை. பாட்டன் முப்பாட்டன் தலையை அளந்து, 'இந்த இனம் தாழ்ந்தது' என்று எழுதியவர்களும் தங்களை விஞ்ஞானிகள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு 'அறிவியலுக்காகக் கொடுங்கள்' என்றால் யார் நம்புவார்கள்?

சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. 2015இல் முழு மரபணு ஆய்வு வந்தது. கென்னவிக் மனிதர் உலகின் வேறு எந்த மக்களையும்விட அமெரிக்கப் பழங்குடிகளுக்கே நெருக்கமானவர் என்று அது காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் டிஎன்ஏவைக் கொடுத்தவர்கள் உரிமை கோரிய பழங்குடிகளில் ஒன்றான கோல்வில் மக்கள். 2016 டிசம்பரில் உடலைத் திருப்பித் தரச் சட்டம் வந்தது. 2017 பிப்ரவரியில் ஐந்து பழங்குடிக் குழுக்கள் சேர்ந்து, வெளியில் சொல்லாத ஓர் இடத்தில் அவரை அடக்கம் செய்தன. 1996லேயே புதைத்திருந்தால் இந்த மரபணுச் சான்று கிடைத்திருக்காது. அந்த இழப்பு உண்மையானது. ஆனால் உறவை நிரூபிக்க இருபது ஆண்டு போராட வேண்டியிருந்ததும் அநியாயம்தான்.

இஸ்ரேல் விஷயத்தில் என் மனம் ஆய்வாளர்கள் பக்கம் சாய்கிறது. 1994இல் அங்கே அரசின் சட்ட ஆலோசகர் மனித எலும்புகள் தொல்பொருள் ஆகாது என்று கருத்துத் தெரிவித்தார். அதன்பின் அகழ்வில் கிடைக்கும் எலும்புகளை மத விவகார அமைச்சகத்திடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. யூத மதம் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவர்களின் எலும்புகளும் இதில் அடங்கும். அவர்களுக்காகப் பேச இன்றைய ஒரு மதக் குழுவுக்கு மட்டும் என்ன உரிமை? எனக்குப் புரியவில்லை.

சந்ததியினருக்குள்ளேயே ஒருமித்த கருத்து இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1974இல் கிடைத்த, சுமார் 42,000 ஆண்டு பழைய முங்கோ மனிதரின் எலும்புகளை ஆய்வுக்காக எடுத்துப் போயிருந்தார்கள்; 2017இல் அவர் ஊர் திரும்பினார். 2022இல் மறுபடி புதைத்தபோது, பூர்வகுடிகளிலேயே சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். வருங்காலத் தலைமுறைக்காக அவரைப் பாதுகாத்து வைக்க ஓர் இடம் வேண்டும் என்பது அவர்கள் பக்க வாதம். எனக்கு அந்த யோசனைதான் பிடித்திருக்கிறது. ஆனால் அவர் என் முன்னோர் அல்ல, முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான்.