கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இலேயே தடைசெய்துவிட்டது. பிறகும் வடக்குக் கடலில் மீன்வளம் ஏன் மீளவில்லை? தடையைத் தளர்த்தி, கட்டுப்பாடுகளோடு அனுமதிப்பது நல்லதல்லவா?

தளர்த்துவது நல்லதல்ல. ஆனால் கேள்வியின் முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. அதற்கு மேடைப் பேச்சுகளில் ஒழுங்கான பதில் கிடைப்பதில்லை.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் கடலுணவு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். நான் கடற்றொழிலாளியும் அல்லன், விஞ்ஞானியும் அல்லன். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வாங்கும் நண்டு எந்தத் தாள்களோடு கப்பலேறுகிறது என்பதைப் பார்ப்பது என் பிழைப்பு. அந்த மேசையிலிருந்து எனக்குத் தெரிவதை மட்டும் எழுதுகிறேன்.

சட்டம் வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்த யோசனையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்துக்கான திருத்தமாக அது 2017 ஜூலையில் நிறைவேறியது. இரண்டு ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் தண்டம். அடுத்த ஜனவரியில் வெளிநாட்டுப் படகுகளுக்கான சட்டத்தையும் திருத்தி, படகின் நீளத்தைப் பொறுத்து 17.5 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வழி செய்தார்கள். காகிதத்தில் பார்த்தால் இந்தப் பிராந்தியத்திலேயே கடுமையான சட்டங்களில் ஒன்று.

இனி கடலுக்கு வருவோம். பாக்கு நீரிணையின் அக்கரையில், தமிழ்நாட்டில், விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் கிழமையைப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி ஆகிய நாட்கள் விசைப்படகுகளுக்கு உரியவை. அவர்களுடைய சிறுதொழிலாளர்களின் வலைகள் அறுபடாமல் இருப்பதற்காக வகுத்த ஏற்பாடு அது. தமக்குள் நியாயமாகத்தான் வகுத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் இழுவைப்படகுகள் எல்லைக் கோட்டைத் தாண்டி நெடுந்தீவுக்கும் தலைமன்னாருக்கும் நெருக்கமாக வரும்போது, எங்கள் பக்கத்துத் தொழிலாளர்கள் வலையைக் கரையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். நண்டுவலை மாலையில் கடலடியில் விரித்து விடியற்காலையில் எடுக்கும் வலை. இரவில் அதன் மேல் ஒரு இழுவைமடி ஓடினால் வலையும் இல்லை, வலைக்கு வாங்கிய கடனுக்கு வழியும் இல்லை. எங்கள் கொள்வனவு ஏட்டில் திகதியை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் கிழமையைச் சொல்லிவிடலாம். மெலிந்து கிடக்கும் வரிகள் இழுவைப்படகுகள் வரும் ‘ரோலர்’ நாட்களுக்கு மறுநாள் வந்தவை.

ஆகவே முதல் பதில் இதுதான்: இழுவைமடி சட்டத்தில் நின்றதே தவிர, கடலில் நிற்கவில்லை. நிற்காத ஒன்றை வைத்து, தடை பயனற்றது என்று முடிவு கட்ட முடியாது.

பாக்கு நீரிணையில் இழுவைமடி ஏன் இவ்வளவு கேடு செய்கிறது என்பதைக் கொழும்பில் பலர் விளங்கிக்கொள்வதில்லை. ஆழ்கடலில் ஓடும் மடியையும் இதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இந்தக் கடலின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. வெயில் அடிமட்டம் வரை இறங்குவதால் கடற்புல் தரை விரிந்து கிடக்கிறது. ஓராவும் ஒட்டியும் அந்தப் புல்லை மேய்கின்றன. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் அதற்குள் ஒளிந்து வளர்கின்றன. கடல்பசுவுக்கு அதுவே உணவு. இரண்டு கனத்த பலகைகள் மடியின் வாயை விரித்துப் பிடிக்க, அடிச்சங்கிலி சேற்றைக் கிளறியபடி போகும்போது இவ்வளவும் சேர்ந்தே பெயர்கின்றன. குறி என்னவோ இறால்தான். ஆனால் மடிக்குள் வருவதில் பெரும்பங்கு இறால் அல்ல. விற்க முடியாத சிறுமீனை வெயிலில் காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். ஓராண்டு விட்டிருந்தால் குழம்புக்கு வந்திருக்க வேண்டிய மீன், கோழியின் வயிற்றைச் சுற்றி வருகிறது. தமிழ்நாடு அரசு 2022இல் இதே பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது. நல்ல காரியம். அதே மாநிலத்துத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் மடிகள் இந்தப் பக்கத்துப் புல்லை உழுவதைப் பற்றியும் யாராவது அவர்களிடம் கேட்டால் நன்றாக இருக்கும்.

அக்கரைத் தொழிலாளர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. 1960களில் இந்திய அரசே மானியம் கொடுத்து, வெளிநாட்டு உதவியோடு, இறால் ஏற்றுமதிக்காக வளர்த்தெடுத்த தொழில் அது. அவர்கள் பக்கத்துக் கடல் வறண்டுவந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் போர் நடந்தது. 1983 முதல் 2009 வரை வடக்கில் கடல்வலயத் தடை, இயந்திர வலுவுக்குத் தடை, இரவுத் தொழிலுக்குத் தடை. ஆளில்லாத கடலில் அவர்கள் கால்நூற்றாண்டு இழுத்துப் பழகிவிட்டார்கள். போர் முடிந்து எங்கள் ஆட்கள் கடலுக்குத் திரும்பியபோது, தங்கள் வாசலில் வேறொருவர் குடியிருக்கக் கண்டார்கள். 2017இல் தொடங்கிய 1,600 கோடி இந்திய ரூபாய்த் திட்டம் 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்றப் போவதாகச் சொன்னது. இலக்குக்கு அருகில்கூடப் போகவில்லை. நாள்கூலிக்கும் பங்குக்கும் இரவில் வந்து பிடிபட்டுச் சிறையில் கிடப்பவர் படகுக்காரர் அல்லர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இனி, கொழும்பில் உட்கார்ந்து பேசுபவர்கள் விரும்பாத பகுதி. இழுவைமடி எங்கள் தொழிலும்தான். குருநகரிலும் பேசாலையிலும் உள்ளூர் இழுவைப்படகுகள் இருக்கின்றன. கற்பிட்டியில் இருந்தன. இவ்வளவு ஏன், களனி கங்கை கடலில் விழும் இடத்துக்கு அப்பால், ஹெந்தளையில், கொழும்பு மக்களின் தட்டுக்காகவே இறாலை மடியால் இழுத்தார்கள். அதற்கும் முன்பு கொழும்பிலிருந்து பெரிய இழுவைக் கப்பல்கள் புறப்பட்டு, கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் கடற்திட்டுக்குப் போய் மீனோடு திரும்பின. இங்கே ‘அவர்கள் வந்து அள்ளுகிறார்கள்’ என்று பேசும்போது, ஒரு காலத்தில் நாமும் போய் அள்ளினோம் என்பதை நினைவில் வைத்தால் குரல் கொஞ்சம் தணியும்.

அந்த வாட்ஜ் திட்டின் முடிவு உங்கள் இரண்டாவது கேள்விக்கு உதவும். 1976இன் இந்திய-இலங்கைக் கடல் எல்லை உடன்படிக்கையால் அது இந்தியாவின் வலயத்துக்குள் போனது. அப்போது இலங்கைக்கு ஒரு சலுகை தரப்பட்டது. மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு கப்பல்கள், ஆண்டுக்கு 2,000 தொன்னுக்கு மேல் இல்லை, இந்திய அதிகாரிகள் ஏறிச் சோதிக்கலாம், பிறகு முற்றாக நிறுத்த வேண்டும். கட்டுப்பாட்டோடு அனுமதிப்பது என்றால் அதுதான்: கப்பலுக்குக் கணக்கு, மீனுக்கு நிறை, முடிவுக்குத் திகதி. இன்று அனுமதிச்சீட்டு முறை பற்றிப் பேசுபவர்கள் எவரும் எத்தனை படகு, எத்தனை தொன், எந்தத் திகதியில் முடிவு என்று சொல்வதில்லை. ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் வரும் படகுகளில் எது சீட்டு வாங்கியது, எது வாங்காதது என்று இருட்டில் யார் பார்ப்பது? இன்று குறைந்தபட்சம் மடியோடு நிற்கும் எந்தப் படகும் குற்றவாளி. அந்தத் தெளிவைக் கைவிட்டால் கடற்படைக்கும் நீதிமன்றத்துக்கும் பிடிமானம் போய்விடும். 2016 நவம்பரில் டில்லியில் கூடிய இரு நாட்டு அமைச்சர்கள், இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது என்றே பேசினார்கள். அதிலிருந்து பின்வாங்குவதற்கு இலங்கைக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் தடைக்குள் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. உள்ளூர் இழுவைப்படகுக்காரர் அடுத்த நாள் எதைச் செய்து சாப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஹொங்கொங் 2012 டிசெம்பர் 31 முதல் தன் கடலில் மடியை நிறுத்தியது. அதற்கு முன் 1.7 பில்லியன் ஹொங்கொங் டொலர் அளவுக்கு ஒதுக்கி, படகுகளை விலைக்கு வாங்கியும் நட்டஈடு கொடுத்தும் தொழிலாளர்களை வெளியேற்றியது. இங்கே தண்டத் தொகையை எழுதியவர்கள் நட்டஈட்டுத் தொகையை எழுதவில்லை. அதனால் உள்ளூர் மடி கண்டும் காணாமலும் ஓடுகிறது, அக்கரைக்காரர்களுக்கும் ‘உங்கள் ஆட்களும் இழுக்கிறார்களே’ என்று சொல்லக் காரணம் கிடைக்கிறது. படகுகளின் எண்ணிக்கை சமாளிக்கக்கூடியது. பணம் ஒதுக்கினால் முடிக்கக்கூடிய காரியம்.

இழுவைமடி நாளையே அடியோடு நின்றாலும் மீன் தானாகப் பெருகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தங்கூசி வலை, டிஸ்கோ வலை, சுருக்குவலை, இரவில் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பது, டைனமைட், உழவு இயந்திரம் பூட்டி இழுக்கும் கரைவலை ஆகிய கேடான முறைகள் எல்லாம் எங்கள் ஆட்களின் கைகளில்தான் இருக்கின்றன. இந்தோனேசியா 1980இல் இழுவைமடியைத் தடைசெய்தது. ஜாவாவின் வடகரையில் அதே வேலையைச் செய்யும் வேறொரு வலை வேறு பெயரில் பெருகியது. 2015இல் அதையும் தடைசெய்தார்கள். 2018இல் போராட்டத்துக்குப் பணிந்து ஒரு பகுதிக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஒரு வலையைத் தடுத்தால் காலியாகும் இடத்துக்கு அடுத்த வலை வரும். மேற்குக் கரையில் வலையே காரணமில்லாத அழிவையும் பார்த்தோம். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பல் எரிந்து, பின் மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கியபோது, எந்த மடியும் தொடாத மீனைக்கூட மக்கள் வாங்க மறுத்தார்கள்.

மீளவே மீளாதா என்று கேட்டால், மீளும். சிசிலித் தீவின் காஸ்டெல்லமாரே வளைகுடாவில் 1990இல் இழுவைமடியை நிறுத்தினார்கள். நான்கு ஆண்டுகளில் அடிமட்ட மீனின் நிறை எட்டு மடங்கானது. அது வேறு கடல், அதே எண்ணிக்கையை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் எங்கள் கடலுக்கும் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. இறாலும் நீலநண்டும் ஏறத்தாழ ஓராண்டில் முட்டையிடும் பருவத்தை எட்டிவிடுகின்றன. அவற்றை விட்டுவைத்தால் பலன் விரைவில் தெரியும். கலவாய், திருக்கை, சுறா ஆகியவற்றுக்குப் பல ஆண்டுகள் வேண்டும், கடற்புல்லுக்கும் பொறுமை வேண்டும். ‘மீன்வளம் மீளுமா’ என்ற கேள்விக்கு நண்டு ஒரு பதிலையும் கலவாய் வேறொரு பதிலையும் சொல்லும். இரண்டு ஆண்டுகளில் கலவாய் வரவில்லை என்று தடையைக் குறை சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்தது. ஆழ்கடலில் சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. இங்கே பெரிதாக யாரும் அசையவில்லை. 2015 ஜனவரியில் இலங்கை மீனை வாங்குவதையே நிறுத்தினார்கள். அதன் பிறகு பார்க்க வேண்டுமே! நெடுநாள் படகுகளுக்குச் செய்மதிக் கருவி, பிடிபட்ட மீனுக்குப் பதிவேடு, உயர்த்திய தண்டம். அதுவரை முடியாது என்று சொன்ன ஒவ்வொன்றும் முடிந்தது. 2016 நடுப்பகுதியில் தடை நீங்கியது. எந்தப் படகு, எந்தக் கடல், எந்த வலை என்று வாங்குபவர் கேட்டால் அரசு பதில் தேடும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

பேலியகொட மொத்த மீன் சந்தையில் அந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. மாளிகாவத்தையில் கடற்றொழில் அமைச்சு, மட்டக்குளியில் அரசின் நீர்வள ஆய்வு நிறுவனமான நாரா, ஆற்றுக்கு அப்பால் பேலியகொட. நெரிசல் இல்லாவிட்டால் இந்த மூன்றையும் ஒரு காலைப் பொழுதில் சுற்றிவரலாம். இருந்தும், விடியற்காலை ஏலத்தில் விழும் இறால் மடியில் வந்ததா, வலையில் வந்ததா என்பதை எழுத ஒரு கட்டம்கூட எந்தத் தாளிலும் இல்லை. ஏற்றுமதிக்குப் போகும் நண்டுக்கு ஒரு சட்டம், வெள்ளவத்தைச் சமையலறைக்குப் போகும் இறாலுக்கு ஒன்றும் இல்லை. தடையைத் தளர்த்துவதா இறுக்குவதா என்று வாதாடும் நேரத்தில், அந்தத் தாளில் ஒரு கட்டத்தைச் சேர்க்கும்படி கேட்கலாம். கடற்படைக் கப்பல் தேவையில்லை, டில்லியோடு பேச வேண்டியதில்லை.

வாடிக்கையாளராக என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: அரிசிமணி போன்ற சிறு இறாலைக் கிலோக் கணக்கில் மலிவாகக் கூவி விற்றால் வாங்காதீர்கள். சிங்கி இறாலுக்குத் தெற்குக் கரையில் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் தடைக்காலம். அந்த மாதங்களில் விருந்தகத்துப் பட்டியலில் புதிய சிங்கி இறால் இருந்தால், எங்கிருந்து வந்தது என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாது. முகாமையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.