சட்டக் கேள்வி பதில்: உயிலுக்கு யார் சாட்சி?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது 71. என் சம்பளத்தில் கட்டிய வீடு, அண்ணன் தம்பிகளுடன் பாகப்பிரிவினை செய்துகொண்டதில் கிடைத்த ஒன்றரை ஏக்கர் நஞ்சை, வங்கியில் வைப்புத் தொகை ஆகியவை உள்ளன. வைப்புத் தொகைக்கு மகனை நாமினியாகக் காட்டியிருக்கிறேன். மகன் எங்களோடு இருக்கிறான். இரண்டு மகள்களும் திருமணமாகி வெளியூரில் இருக்கிறார்கள். உயில் எழுதலாம் என்றால், பத்திர எழுத்தர், இப்போதே செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்கிறார். எதைச் செய்வது?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: தங்களுக்குப் பொருந்துவது இந்து வாரிசுரிமைச் சட்டம் என்று கொண்டு இதை எழுதுகிறேன். வீடு தங்கள் சுயசம்பாத்தியம் என்பதால் அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். நஞ்சைக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது; சொத்து வந்த வழியைக் காட்டும் தாய்ப் பத்திரத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். அந்த நிலத்தைத் தங்கள் தந்தையார் தாமே சம்பாதித்து, 1956-ஆம் ஆண்டு இந்தச் சட்டம் வந்த பிறகு உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், தங்களுக்கு வந்த பாகம் தங்கள் தனிச் சொத்தே. பாட்டனார் காலத்திலிருந்து கூட்டுக் குடும்பச் சொத்தாக இறங்கி வந்தது என்றால், பிள்ளைகள் மூவருக்கும் அதில் பிறப்பிலேயே பங்கு உண்டு. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும், 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படியும், மணமான மகள்களும் மகனுக்குச் சமமானவர்கள். அப்படியானால் உயிலால் தாங்கள் கொடுக்கக்கூடியது தங்களுடைய நான்கில் ஒரு பங்கு மட்டுமே. வைப்புத் தொகையைப் பொறுத்தவரை, நாமினி என்பவர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர அதன் உரிமையாளர் அல்லர். அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் உயிலில் எழுதுங்கள்.

செட்டில்மெண்ட் பதிவான அன்றே உரிமை கைமாறிவிடும். பிறகு மனம் மாறினாலும் தாங்களாக அதை ரத்து செய்ய முடியாது. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அது மீறப்பட்டால் மட்டும், மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். சொந்த வீட்டில் இருந்துகொண்டே அதற்காக அலுவலகப் படியேறும் பெற்றோரைப் பார்த்தவன் என்ற முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு உயிலே போதும் என்பேன். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதை எத்தனை முறையும் மாற்றலாம்.

ஆனாலும் பத்திர எழுத்தரின் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. உயிலை நிரூபிக்க வேண்டிய நாளில் அதை எழுதியவர் இருக்கமாட்டார். அதனால்தான் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது; வழக்கு என்று வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். அங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அன்று யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், முதலில் கையெழுத்துப் போட்டவர் யார், பெரியவருக்கு யாராவது படித்துக் காட்டினார்களா என்றெல்லாம் கேட்பார். பதிவு அலுவலக வாசலில் கிடைத்த யாரோ ஒருவரைச் சாட்சியாக வைத்திருந்தால், பதினைந்து ஆண்டுகள் கழித்து அவரை எங்கே போய்த் தேடுவது? தங்களைவிட வயதில் இளையவராக, தங்களை நன்கு அறிந்தவராக, உயிலால் எந்தப் பயனும் அடையாதவராக இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். தங்களிடம் படித்த மாணவர் ஒருவர் உள்ளூரில் இருந்தால் அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. தாங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். தங்கள் கண்முன்னே அவர்களும் கையெழுத்திட வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும், பதிவும் கட்டாயமன்று. பதிவு செய்வது நல்லது என்றாலும், பதிவானதாலேயே சாட்சி வேண்டாம் என்று ஆகிவிடாது. மகனுக்குக் கூடுதலாகக் கொடுப்பதாக இருந்தால், மகள்களுக்கு ஏற்கெனவே செய்தது என்ன, மகனுக்கு ஏன் இது என்பதை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். காரணம் சொல்லாமல் இயல்பான வாரிசை ஒதுக்குவதும், பயன் பெறுபவரே முன்னின்று உயிலை எழுத வைப்பதும் நீதிமன்றத்தின் சந்தேகத்தைக் கிளப்புபவை.

கேள்வி: எனக்கு வயது 58, கணவர் காலமாகிவிட்டார், குழந்தைகள் இல்லை. என் சம்பாத்தியத்தில் வாங்கிய அடுக்குமாடி வீட்டை என் தங்கை மகளுக்குக் கொடுக்க விரும்புகிறேன். உயில் எழுதாவிட்டாலும் அது என் பிறந்த வீட்டாருக்குத்தானே போகும்?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: போகாது. பிள்ளையில்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், கணவரும் இல்லாத நிலையில், அவர் தாமே சம்பாதித்த சொத்து கணவருடைய வாரிசுகளுக்கே போகும் என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. பெற்ற தாய்கூட அவர்களுக்குப் பின்னால்தான் வருகிறார். திருமணமான சில மாதங்களில் கணவரை இழந்து, உடனே புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பிறந்த வீட்டில் தங்கிப் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பை, அவருடைய தாய் உரிமை கோரியும், கணவரின் சகோதரி மகன்களுக்கே 2009-இல் உச்ச நீதிமன்றம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தீர்ப்பை இப்போது படித்தாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது. தங்கள் வீட்டைத் தங்கை மகளுக்கு எழுதிவைக்கத் தங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. எழுதினால்தான் அந்த உரிமைக்குப் பலன். இந்த மாதமே எழுதிவிடுங்கள். தங்கையும் அவர் கணவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: நான் கிறிஸ்தவன். 2016-இல் பிள்ளைகள் பெயரில் உயில் எழுதிப் பதிவு செய்தேன். மனைவி மறைந்தபின் 2021-இல் மறுமணம் செய்துகொண்டேன். உயிலை மாற்ற வேண்டுமா? மாற்றினால், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்வார்களா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: மாற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை, திருமணத்தோடு அந்த உயில் ரத்தாகிவிட்டது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு சொல்வது அதுதான். இந்துக்களின் உயிலுக்கு இந்த விதி இல்லை. புதிதாக எழுதுங்கள். பதிவான உயில்கள் தனிப் புத்தகத்தில் ஏறுவதால் வில்லங்கச் சான்றில் வருவதில்லை. தாங்கள் இருக்கும்வரை நகலும் வேறு யாருக்கும் தரப்படாது. முழு ரகசியம் வேண்டுமானால் முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அவர் தாமாக உறையைத் திறந்து யாருக்கும் சொல்லி அனுப்பமாட்டார். தங்கள் காலத்துக்குப் பிறகு ஒருவர் மனுச் செய்ய வேண்டும். எனவே உறை எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதையாவது மனைவியிடமோ, உயிலை நிறைவேற்றத் தாங்கள் நியமிப்பவரிடமோ சொல்லிவையுங்கள்.