600 டாலருடன் 1/2 போக்கர் மேசையில் அமரலாமா?

லாஸ் வேகஸில் 600 டாலர் கையிருப்புடன் 1/2 நோ-லிமிட் போக்கர் மேசைக்கு (கட்டாயப் பந்தயங்கள் 1, 2 டாலர்; பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லை) சென்று, இரண்டு முறை 200 டாலர் வைத்து ஒரே இரவில் இரண்டையும் இழந்ததால், தங்களுக்கு ஆட்டமே தெரியவில்லையோ என ஐயுறுகிறீர்கள். அதை ஓர் இரவை வைத்துத் தீர்மானிக்க இயலாது. ஏஸ் ஜோடியுடன் கிங் ஜோடிக்கு எதிராக முழுப் பணத்தையும் வைப்பவர்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை தோற்கிறார். போக்கர் ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசன் ஒரு டாலரும் இல்லாமல் இணையத்தில் தொடங்கி 10,000 டாலர் சேர்த்தபோது, பண ஆட்டத்தில் மொத்தக் கையிருப்பின் 5 சதவீதத்துக்கு மேல் எடுத்து அமர்வதில்லை என்ற விதியைக் கடைப்பிடித்தார். அக்கணக்கின்படி 200 டாலர் மேசைக்கு 4,000 டாலர் வேண்டும். தங்களிடம் எஞ்சியுள்ள 200 டாலருக்கு 10 டாலர் வைத்து ஆடும் இணைய மேசையே பொருந்தும். வாடகைப் பணத்தைக் கையிருப்பாகக் கருத வேண்டாம்.